ஒன்பது வோல்ட்

அந்த அறையில் இரண்டு இயந்திரங்கள் மூச்சு வாங்கின. சன்னலோரம் நின்ற முழங்கால் உயரப் பெட்டி, அறைக் காற்றை உள்ளிழுத்து, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியே அப்பாவின் நாசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சில விநாடிகளுக்கு ஒருமுறை அதனிடமிருந்து ஒரு பெருமூச்சு எழும். மேசைக்கடியில் கிடந்த மற்றொன்று பன்னிரண்டு வயதுக் கணினி. அதன் விசிறியும் இளைத்தது. ஆனால் அது இளைப்பதால் யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை என்றுதான் மகள் அதுவரை நம்பியிருந்தாள்.

அப்பா துறைமுகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் கிரேன் இயக்கியவர். எண்பதடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து கப்பல்களைக் கீழே பார்த்தவர் என்பதால் கூட்டாளிகள் அவரைக் கழுகு என்றே அழைத்தார்கள். கீழிருந்து எழுந்த சிமெண்டுத் தூசும் கரித்தூசும் ஆண்டுதோறும் ஒரு பிடியாக நெஞ்சில் இறங்கின. இன்று அவருடைய வையம், நாசிக் குழாயின் நீளமாகிய ஏழு மீட்டர். அந்த ஏழு மீட்டருக்குள் அவருக்கு எஞ்சியிருந்த உயரம், கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றே.

அதன் புதிய பதிப்பு வந்தது முதல் தொல்லை. பழைய கணினியால் அதைச் சுமக்க முடியவில்லை. விமானம் ஓரிடத்தில் நிற்கும், பிறகு வேறோரிடத்தில் நிற்கும். இடையே பறந்ததற்கான அடையாளம் இராது.

"இது விமானம் இல்லம்மா, கல்யாண ஆல்பம். ஒவ்வொரு பக்கமா திருப்பிக் காட்டுது" என்றார் அப்பா.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்ப்பவள். மருந்துக்கும் மின்சாரத்துக்கும் போக மிஞ்சுவது சொற்பம். புதுக் கணினி என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய கணினியையே வைத்துக்கொண்டு, பிறர் கழற்றிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் கொஞ்சம் கூடுதல் நினைவகமும் வாங்கினால் போதுமென்று பலநாள் படித்துத் தெரிந்துகொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றாள். கடைக்காரரின் விரல்களில் எப்போதும் ஈயம் ஒட்டியிருக்கும். தெருவில் அவருக்குப் பெயரே ஈயம்தான்.

அவர் கார்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அவள் கொண்டுவந்திருந்த பழைய கணினியின் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"கார்டு நல்ல கார்டுதான்கா. பவர் சப்ளைதான் இடிக்குது. திடகாத்திரமான மருமகளைக் கூட்டிட்டு வந்து, தடி ஊன்றுற மாமியார் தலையில சமையலைக் கட்டுறீங்க."

"புதுசு எவ்வளவு ஆகும்?"

அவர் சொன்னார். அவள் பையை மூடினாள்.

"அடுத்த மாசம் பாக்கலாம். இப்போதைக்குப் பழசே ஓடாதா?"

"ஓடும், ஓடாதுன்னு நான் எப்படிச் சொல்ல? மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு ஒரு தடவை பாத்துடுங்க. இந்தாங்க, என் மீட்டரையே எடுத்துட்டுப் போங்க. பேட்டரி மட்டும் தீந்துபோச்சு. ஒன்பது வோல்ட், சதுரமா இருக்குமே, அது ஒண்ணு போட்டுக்கோங்க."

சனிக்கிழமை பிற்பகல், கணினியின் உறுப்புகள் எல்லாம் பழைய போர்வையின்மேல் பரப்பிக் கிடந்தபோதுதான் பேட்டரி வாங்க மறந்தது அவளுக்கு உறைத்தது. மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். அவள் செருப்பைத் தேடுவதைப் பார்த்த அப்பா, குழாயை விரலில் சுற்றியபடி சன்னலோரப் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"இதோட முதுகுல ஒண்ணு சும்மா தூங்குதே. அதைக் கொஞ்சம் எழுப்பேன்."

அது சும்மா தூங்கவில்லை. மின்சாரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். அப்படி நிற்கும் கணத்தில் மூன்று மாடிக்கும் கேட்கும்படி அலறுவதற்கென்றே அதன் முதுகில் அந்தப் பேட்டரி வைக்கப்பட்டிருந்தது. மகள் வேலைக்குப் போன பகற்பொழுதுகளில், கீழ்வீட்டுத் தையற்காரப் பெண்மணியிடம் ஒரு சாவி இருக்கும். அலறல் கேட்டால் மேலே ஓடிவந்து, அப்பாவின் நாசிக் குழாயைக் கட்டிலடியில் இருக்கும் பிராணவாயு உருளைக்கு மாற்றிப் பொருத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பகல் நேரத்தில் அந்தச் சத்தம்தான் அப்பாவுக்கு மகள்.

"வேணாம்ப்பா. அது அங்கேயே இருக்கட்டும்."

"பத்து நிமிஷம்தானேம்மா. நீ இங்கேயேதான இருக்க? கரண்ட் போனா நீயே கத்து."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, மீட்டருக்குள் இட்டாள்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு குண்டூசியால் இணைத்தவுடன் பழைய பவர் சப்ளையின் விசிறி சுழன்றது. மஞ்சள் கம்பியில் மீட்டரின் முனையை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று. குறைவுமில்லை, மிகையுமில்லை.

"நம்மள மாதிரிதான். பாக்க ஓட்டை, உள்ள கெட்டி" என்றார் அப்பா.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் பொருந்திவிட்டது. புதுக் கார்டுக்கு வேண்டிய இணைப்பு பழைய பவர் சப்ளையில் இல்லாததால், ஈயம் தந்த இடைக்கம்பியால் இரண்டு இணைப்புகளை ஒன்றாக்கி மாட்டினாள். திரை ஒளிர்ந்தது. ஓடுபாதை பின்னோக்கி ஓடியது. விமானம் எழுந்து, வெண்மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு மேலேறி, கண்கூசும் வெயிலில் சமநிலைக்கு வந்தது. அப்பாவின் கை, பழைய கிரேனின் நெம்புகோலைப் பிடிப்பது போலவே, இரண்டு விரல்களால் மட்டும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தது. ஈராண்டுகளாக அவள் காணாத ஒரு முகம் அவருக்கு வந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றதெல்லாம் அவள் நினைவிலிருந்து நழுவியது. மேசையைத் துடைத்தபோது மீட்டரை எடுத்துத் தன் கைப்பையில் வைத்தாள்.

ஞாயிறு முழுதும் அவர் பறந்தார். மாலையில் அறைக்குள் சூடான பிளாஸ்டிக்கின் மணம் இலேசாகப் பரவியிருந்தது.

"என்னமோ கருகற மாதிரி இருக்கேப்பா."

"புதுப் பொருள்னா அப்படித்தான் மணக்கும். கல்யாண வீட்டுல புதுத்துணி மணக்கல?"

அது புதுப்பொருள் அன்று, பிறர் கழற்றியது என்று அவள் சொல்லியிருக்கலாம். சன்னலை மட்டும் திறந்துவைத்தாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், பாதி உயர்த்திய கதவுக்குக் கீழே குனிந்து ஈயத்திடம் மீட்டரைக் கொடுத்தாள். "பன்னிரண்டு புள்ளி ஒண்ணு. உங்க மாமியார் நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடித்தாள்.

பதினொரு மணிக்கு, தேய்ப்புச் சக்கரத்தில் ஒரு லென்ஸின் விளிம்பு பாதி வட்டமாகியிருந்த வேளையில், கைப்பேசி அதிர்ந்தது. ஈயம்.

"அக்கா, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு. மீட்டரைத் திறந்து பாத்தா புது பேட்டரி. நல்ல கம்பெனி வேற. யாரு இப்பல்லாம் இப்படிப் போட்டுக் குடுக்கறாங்க?"

சக்கரத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. லென்ஸ் விரலிலிருந்து நழுவி, தொட்டியின் வெண்சேற்றில் அமிழ்ந்தது.

அப்பாவின் எண்ணுக்கு அழைத்தாள். மணி முழுமையாக அடித்து ஓய்ந்தது. ஹெட்போன் மாட்டியிருப்பார், எப்போதும் அப்படித்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மீண்டும் அழைத்தாள். மீண்டும் ஓய்ந்தது. பிறகு தையற்காரப் பெண்மணியை அழைத்தாள்.

"அக்கா, மேல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஒரு சத்தமும் இல்லம்மா. காலையிலேர்ந்து நிம்மதியா இருக்காரு உங்கப்பா. ஏன்?"

சத்தம் இல்லாமை நல்ல செய்தியாக இருந்த காலம் சனிக்கிழமையோடு முடிந்திருந்தது.

"தயவுபண்ணி ஒரு தடவை ஏறிப் பாருங்கக்கா. இப்பவே. போனைக் கட் பண்ணாதீங்க."

"என் முட்டி இருக்கற நெலமைக்கு... சரி சரி, போறேன். நீ அழுவாத."

அவள் அழவில்லை. செவியில் கைப்பேசியை அழுத்தியபடி கடையின் பின்கதவருகே நின்று, ஒவ்வொரு படியையும் எண்ணினாள். செருப்பொலி. இளைப்பு. சாவி துளையைத் தேடும் ஓசை. கதவு.

"ஐயா? ஐயா, தூங்கறீங்களா?" பிறகு குரல் மாறியது. "ஏம்மா, ஃபேன் ஓடல. அந்த மூச்சுப் பெட்டியும் ஓடல. கரண்ட் இருக்கே, எங்க வீட்டுல மிஷின் ஓடிட்டுதான இருந்துச்சு. இங்க ஒரே கருகல் நாத்தம்."

"அப்பா எப்படி இருக்கார்?"

"உக்காந்திருக்காரு. டிவி முன்னாடி. உதடு... உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும்மா."

"கட்டிலுக்கு அடியில உருளை. மேல ஒரு சாவி மாட்டியிருக்கும். அப்பாவோட மூக்குக் குழாயை அதுல மாட்டிட்டு, சாவியை இடது பக்கமா திருப்புங்க. காத்து வர்ற சத்தம் கேக்குதா? கேக்குதான்னு சொல்லுங்கக்கா."

நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. இரும்பு தரையில் உரசியது. பிறகு, நீண்ட துணியைக் கிழிப்பது போலக் காற்றொலி எழுந்தது.

அவள் வீடு சேர்ந்தபோது அப்பாவின் உதடுகள் சாம்பல் நிறத்துக்கு மீண்டிருந்தன. தையற்காரப் பெண்மணி, ஊசிகள் குத்திய மணிக்கட்டுப் பட்டையோடு, அவர் முதுகைத் தடவியபடி அமர்ந்திருந்தாள். மேசைக்கடியில் நடந்தது பார்த்தவுடன் விளங்கியது. விமானம் ஏற ஏறப் புதுக் கார்டு தன் முழுப் பசியையும் காட்டியிருக்கிறது. இடைக்கம்பி உருகியிருந்தது. பழைய பவர் சப்ளை உள்ளே எரிந்து, அந்த அறைக்கான பாதுகாப்புச் சுவிட்சையே கீழே தள்ளி மின்சாரத்தை நிறுத்திவிட்டிருந்தது. கூடவே சன்னலோரப் பெட்டியும் நின்றது. அலற வேண்டியது, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மேசை டிராயரில் கிடந்தது.

"சும்மா தொங்கற வடத்தைப் பாத்துட்டுப் பாரம் ஏத்திட்டோம்" என்றார் அப்பா, குரல் தெளிந்த பிறகு. "முப்பத்தோரு வருஷம் தினம் காலையில வடத்துல எடை மாட்டிச் சோதிச்சவன் நான். பாரமே இல்லாம மீட்டர் பன்னிரண்டு காட்டினப்ப எனக்கே தோணல பாரு."

மருத்துவர் வந்து பார்த்தார், இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஈயம் அன்று மாலையே, வாய் திறந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசாமல், புதுப் பவர் சப்ளையை அசல் விலைக்குக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார். பேட்டரியைத் தன் கையாலேயே மூச்சுப் பெட்டியின் முதுகில் வைத்தார். மகள் மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்தாள். பெட்டி அலறியது. கீழிருந்து, "கேக்குது, கேக்குது, போதும் நிறுத்து" என்று பதில் வந்தது.

இரண்டு நாட்கள் கழித்து, அவருக்கு முகம் துடைத்துவிட்டபோது, அவள் கேட்கக்கூடாது என்றிருந்ததைக் கேட்டாள்.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சுப்பா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"முதல்ல திரை இருண்டுச்சு. மேகத்துக்குள்ள போயிட்டேன்னு நெனச்சேன். நெஞ்சு அடைச்சுது, எப்பவும் அடைக்கறதுதானே. அப்புறம் அதுவும் நின்னுடுச்சும்மா. எங்கேயும் வலி இல்ல. நான் ஏறிக்கிட்டே இருந்தேன். அந்தக் கூண்டுல கூட அவ்வளவு உயரம் போனதில்ல." பிறகு, ஏதோ சுவையான பண்டத்தைப் பற்றிச் சொல்வது போல, "நல்லா இருந்துச்சு" என்றார்.

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மீண்டும் பிழிந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி இரண்டு மாடி இறங்கியவள், மூக்குக்கண்ணாடியை மேசையில் விட்டுவிட்டது தெரிந்து திரும்பி ஏறினாள். மூச்சுப் பெட்டி பெருமூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஹெட்போன் மாட்டியபடி திரையின்முன் அமர்ந்திருந்தார். அவள் வந்தது அவருக்குத் தெரியாது. புதுப் பவர் சப்ளையில் விமானம் சிறிதும் தடைபடாமல் ஏறிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் உயரத்தைக் காட்டும் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடின.

கண்ணாடியை எடுக்கக் குனிந்தபோது, பெட்டியின் முதுகிலிருந்த சிறு மூடி ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைக் கண்டாள். விரலை உள்ளே விட்டாள். வெறும் பள்ளம். இரண்டு கம்பி முனைகள் விரலைத் தொட்டன.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சதுரம் துணியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் அவர்முன் போய்க் கையை நீட்டினாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார். அவளை ஏறிட்டுப் பார்க்காமல், பையிலிருந்து பேட்டரியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது அவர் நெஞ்சின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கலம்மா" என்றார். "அவ முட்டி வலியோட ஓடி வரணும். நீ வேலையை விட்டுட்டு ஓடி வரணும். எதுக்கு?"

அவள் பேட்டரியை அதன் இடத்தில் பொருத்தி, மூடியின்மேல் ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றினாள். நாடாவைப் பிரிக்க ஒரு நகம் போதும் என்பது இருவருக்கும் தெரியும். கடைக்கு அழைத்து இன்று வரமுடியாது என்றாள். நாளைக்கு வருவாயா என்று அவர்கள் கேட்டார்கள். அவள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்து, பெட்டிக்கும் அவருக்கும் நடுவே, குழாயின்மேல் கால் படாமல் அமர்ந்தாள். அப்பா ஹெட்போனை மீண்டும் மாட்டிக்கொண்டார். இரண்டு விரல்கள் ஜாய்ஸ்டிக்கை மெல்லத் தம்பக்கம் இழுத்தன. மேகம் பிளந்தது. எண்கள் ஏறின. அவள் திரையைப் பார்க்காமல், பெட்டியின் ஒவ்வொரு பெருமூச்சையும் எண்ணத் தொடங்கினாள்.