லாஸ்ட்டுக்கு ஒரு மார்க்

இருபத்தைந்து எடுத்தால் பாஸ். வஹீதா எடுத்தது இருபத்து நாலு.

ஐந்தாறு மார்க்கில் தோற்றிருந்தாலாவது மனசு ஆறும். ஒரே ஒரு மார்க் என்றால் வயிறு எரியுமா எரியாதா? ஆம்பூருக்கு வெளியே ஹைவேயை ஒட்டின அந்த ஷூ கம்பெனியில் அவள் பதினேழு வருஷமாகத் தையல் லைனில் இருக்கிறாள். மெஷினில் உட்கார்ந்து ஒன்பது வருஷம், செக்கராக நின்றுகொண்டு எட்டு வருஷம். மூன்றாவது லைனில் சூப்பர்வைசர் போஸ்ட் காலியாகும்போதெல்லாம் வெளியிலிருந்து டிப்ளமோ படித்த பிள்ளை ஒன்று வந்து இறங்கும். எந்தத் தோல் எங்கே வரும், எந்தத் தையல் பிரியும் என்று அதற்கு ஆனா ஆவன்னாவிலிருந்து இவள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆறே மாசத்தில் அது இவளையே கூப்பிட்டு, "இன்னா வஹீதா, டார்கெட் வரல?" என்று கேட்கும். இப்படி மூன்று பேரைத் தயார் பண்ணிக் கொடுத்தாயிற்று. நாலாவதாக ஒன்றைத் தயார் பண்ண அவளுக்கு உடம்பில் பொறுமை இல்லை.

இந்தத் தடவை கம்பெனியே ஒரு வழி விட்டிருந்தது. வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் நேரே லைனுக்கே வந்து கேள்வி கேட்கிறார்களாம், அதனால் சூப்பர்வைசருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டுமாம். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கே நாலு மாசம் வகுப்பு, கடைசியில் பரீட்சை, பாஸ் ஆனவர்களில் சர்வீஸ் அதிகம் உள்ளவருக்குப் போஸ்ட். சர்வீஸில் வஹீதாவை அடித்துக்கொள்ள அந்த லைனில் ஆள் கிடையாது. பாஸ் மட்டும் ஆனால் போதும்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு நடக்கும். வேலூரிலிருந்து ஜோவின் என்று ஒரு வாத்தியார் வருவார். எம்.ஏ. இங்கிலீஷ், இருபத்தாறு வயசு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பிள்ளை. வஹீதா 'இஸ்டிச்சிங்' என்றால் அவர் சிரிக்காமல் 'ஸ்டிச்சிங்' என்று திருத்துவார். பேரணாம்பட்டிலிருந்து வருகிற கம்பெனி பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, நாலு மாசமும் வஹீதா இங்கிலீஷையே வாய்க்குள் போட்டு மென்றாள். பக்கத்து சீட்டில் உட்காரும் கண்ணம்மாள், "ஜன்னலாண்ட பேசறியா, என்னாண்ட பேசறியா? ஒரே பேஜாரா கீது உன்னோட" என்று முழங்கையால் இடிப்பாள். இடித்துவிட்டு அவளும் சேர்ந்து முணுமுணுப்பாள். இருவரும் ஒரே வகுப்புதான்.

அன்றைக்கு விடைத்தாளைக் கையில் கொடுத்ததும் வஹீதா வரிக்கு வரி விரலை வைத்துப் பார்த்தாள். கொடுத்த வார்த்தைகளை வைத்து வாக்கியம் எழுதச் சொன்ன கேள்வி. 'லாஸ்ட்' என்ற வார்த்தைக்கு அவள் எழுதியிருந்தது, 'தி லாஸ்ட் இஸ் ப்ரோக்கன்.' அதன் மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் 'லாஸ்ட் வாட்?' என்று ஒரு கேள்வி.

"சார், இதுல இன்னா தப்பு?"

ஜோவின் எட்டிப் பார்த்தார். "லாஸ்ட்னா கடைசி, மேடம். கடைசின்னு மட்டும் சொன்னா எப்படி? கடைசி பஸ், கடைசி நாள், கூட ஒரு பேரு வரணும். கடைசி உடைஞ்சுபோச்சுன்னா என்ன அர்த்தம்?"

"நான் கடைசின்னு எழுதல சார். லாஸ்ட்டு உடைஞ்சிடுச்சின்னு எழுதனேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எப்படி சார் ஒண்ணாவும்?"

வகுப்பில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேருக்கும் லாஸ்ட் என்றால் என்னவென்று தெரியும். தைத்து வந்த தோலை இழுத்து மாட்டுகிற, பாதத்தின் வடிவில் இருக்கும் பச்சைக் கட்டை. அது இல்லாமல் இந்த ஊரில் ஒரு ஜோடி ஷூ வெளியே போகாது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணம்மாள் மட்டும் வஹீதாவின் காதருகே வந்து, "ஏய், அது இங்கிலீஷ் இல்லடி. அது கம்பெனி வார்த்தை" என்றாள்.

அடிப்பாவி என்று இருந்தது வஹீதாவுக்கு. கம்பெனி வார்த்தையா? அப்படியானால் அது என்ன பாஷை? அவள் வீட்டில் பேசுவது உருது, அதில் இல்லை. கண்ணம்மாள் வீட்டில் பேசுவது தமிழ், அதிலும் இல்லை. மேலே இருந்தா விழுந்தது? காலை எட்டு மணியிலிருந்து இத்தனை பேரும் இங்கிலீஷ் வார்த்தைகளைக் கையில் பிடித்துத் தைக்கிறார்கள், ஒட்டுகிறார்கள். தங்கள் வாயில் வருவதாலேயே அது இங்கிலீஷாக இருக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு வாத்தியார் மேல் வந்த கோபத்தைவிட இவர்கள் மேல் வந்த கோபம் ஜாஸ்தி.

"சார், போன்ல தேடிப் பாருங்க."

"போன் கேட்ல வாங்கி வச்சுட்டாங்களே, மேடம். நானும் இவ்ளோ வருஷம் படிச்சிருக்கேன், அப்படி ஒரு அர்த்தம் கேள்விப்பட்டதில்ல."

"பத்து நிமிஷம் இருங்க. காட்டறேன்."

சொல்லிவிட்டு வஹீதா எழுந்து போனாள். கேன்டீனுக்கு எதிர் ஷெட்தான் லாஸ்ட் மாட்டுகிற பிரிவு. அங்கே ஓவர்டைமில் இருந்த சமீருல்லா பேரணாம்பட்டுக்காரர், தெரிந்தவர். அவரிடம் உருதுவில் ஒரு லாஸ்ட் கேட்டாள். லாஸ்ட் வந்து இறங்கின பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற அட்டையையும் கிழித்துத் தரச் சொன்னாள்.

"கேட் பாஸ் இருக்குதா, ஆபா?" என்றார் அவர்.

"கேன்டீன் கேட்டுக்கு உள்ளதான இருக்குது, பாய்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தார்.

வஹீதா அந்தப் பச்சைக் கட்டையை ஜோவினுக்கு எதிரே மேஜையில் வைத்தாள். பக்கத்தில் அட்டையை வைத்தாள். கட்டையை அனுப்பின வெளிநாட்டுக்காரன் கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தான்: லாஸ்ட்ஸ், நாற்பது ஜோடி.

"கடைசி நாப்பது ஜோடின்னா சார் போட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

கேன்டீனில் சிரிப்பு வெடித்தது. ஜோவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு குணம், மழுப்பத் தெரியாது. "எனக்குத் தெரியல, மேடம். நீங்க எழுதினது கரெக்ட்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா ஹெச்.ஆர். மேனேஜர் சுந்தர்ராஜ் உள்ளே வர வேண்டும்? சத்தம் கேட்டு வந்தவர் முதலில் பார்த்தது மேஜை மேலிருந்த கட்டையை.

"இது எப்படிம்மா இங்க வந்துது? புது மாடல் லாஸ்ட் இது. செக்‌ஷன விட்டு வெளிய வரக் கூடாதுன்னு ரூல் இருக்கா இல்லையா?"

வஹீதா நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார், ஜோவின் பக்கம் திரும்பி, "மார்க்க மாத்தாதீங்க சார். என் ரூமுக்கு வாங்க. நீங்களும் வாங்கம்மா" என்றார். கண்ணம்மாள் கூப்பிடாமலேயே பின்னால் வந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

ரூமில் சுந்தர்ராஜ் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷம் தட்டினார். பிரின்டரிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அதை எடுத்து வஹீதா பக்கம் தள்ளினார்.

"வஹீதாம்மா, உங்களுக்கு நல்லது பண்ணத்தான் பாக்கறேன். லாஸ்ட்ட வெளிய எடுத்தது பெரிய விஷயம், மெமோ குடுக்கலாம். குடுக்கல. இதுல ஒரு கையெழுத்து போடுங்க. கிரேஸ் மார்க் ஒண்ணு போடச் சொல்றேன், இருபத்தஞ்சு ஆயிடும். திங்கக்கிழம மூணாவது லைன் உங்களுது."

"கிரேஸ் மார்க் எதுக்கு சார்? அது என் மார்க்கு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. கேட்டதும் மார்க் போட்டா நாளைக்கு இருபது பேரு கட்டையும் அட்டையும் தூக்கினு வருவாங்க."

"போடேன் வஹீதா" என்றாள் கண்ணம்மாள் கதவோரத்திலிருந்து. "ஒரு கையெழுத்துதான. போஸ்ட் வருது இல்ல."

வஹீதாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கை பேனாவை எடுத்தேவிட்டது. மூன்றாவது லைன், பதினேழு வருஷம், திங்கட்கிழமை. நாலு மாசத்துக்கு முன்னால் என்றால் அவர் விரல் காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாள். இப்போது காகிதத்தில் எழுத்துகள் சும்மா கிடக்காமல் வார்த்தைகளாகப் பேசின. அவள் படித்தாள்.

முதல் வரி, அனுமதி இல்லாமல் லாஸ்ட்டை எடுத்தேன் என்றது. உண்மைதான். இரண்டாவது வரி, 'ஐ வாஸ் ராங் அபவுட் தி வேர்ட்.' மூன்றாவது, 'ஐ ரிக்ரெட் மை மிஸ்டேக்.'

அந்த வார்த்தையில் நான் சொன்னது தப்பு. என் தவறுக்கு வருந்துகிறேன்.

"ரிக்ரெட்னா வருத்தப்படறது தானே, சார்?" என்று ஜோவினைக் கேட்டாள்.

"ஆமா மேடம்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

சுறுசுறுவென்று கோபம் ஏறியது வஹீதாவுக்கு. லாஸ்ட்டை எடுத்ததற்கு எழுதிக் கேட்டிருந்தால் போட்டிருப்பாள், அது நியாயம். சரியாக எழுதினதைத் தப்பென்று எழுதிக் கொடுத்து, அதற்குக் கூலியாக ஒரு மார்க் வாங்க வேண்டுமா? அப்படி வாங்கின நாற்காலியில் உட்கார்ந்து எந்த வாயால் லைனை நடத்துவது? அதைவிட நாலாவது பிள்ளைக்கும் பாடம் எடுத்துவிட்டுப் போகலாம்.

அவள் குனிந்தாள். முதல் வரியைத் தொடவில்லை. இரண்டாவது வரியில் 'ஐ'யை அடித்து மேலே 'யூ' என்று எழுதினாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். 'வாஸ்' என்பதையும் அடித்து 'வேர்' என்று எழுதினாள். மூன்றாவது வரியில் ஒரே வார்த்தை, 'மை'. அதை அடித்து 'யுவர்' ஆக்கினாள். காகிதத்தைத் திருப்பி அவரிடமே தள்ளினாள்.

சுந்தர்ராஜ் படித்தார். நீங்கள் சொன்னது தப்பு. உங்கள் தவறுக்கு வருந்துகிறேன். மறுபடி படித்தார். முகம் கறுத்தது.

"இன்னாம்மா இது, கிண்டலா? ஜோவின் சார், நீங்க சொல்லிக் குடுத்த லட்சணத்தப் பாருங்க. இது இங்கிலீஷா?"

ஜோவின் வாங்கிப் பார்த்தார். வகுப்பு நடத்தச் சொல்லி அவரைக் கூப்பிட்டவரும் இந்த சுந்தர்ராஜ்தான், அடுத்த மாசம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவரும் இவர்தான். அது அவருக்கும் தெரியும்.

"கிராமர்ல ஒரு தப்பும் இல்ல சார். 'யூ' போட்டதும் 'வேர்'னு மாத்தியிருக்காங்க. எம்.ஏ. படிச்சவங்களே அவசரத்துல விட்டுடுவாங்க" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, வஹீதாவின் விடைத்தாளில் இருபத்து நாலை அடித்து இருபத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். "அப்புறம், இது கிரேஸ் மார்க் இல்ல சார்."

கண்ணம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப போஸ்ட் வேணாம்ன்றியா?" என்றார் சுந்தர்ராஜ். மரியாதை இறங்கிவிட்டது.

"யாரு சார் வேணாம்னது? பாஸாயிட்டேன், சர்வீஸ் ஜாஸ்தி, போஸ்ட் என்னுது. குடுக்கலன்னா ஏன்னு எழுதிக் குடுங்க. படிச்சிக்கறேன்."

அவர் காகிதத்தை ஆட்டிக் காட்டினார். "இத நான் ஃபைல்ல வைக்க முடியுமா? இதுல யாரு கையெழுத்து போடறது?"

"வருத்தப்படறது நான்தான சார்" என்றாள் வஹீதா. காகிதத்தை வாங்கித் தன் பெயருக்கு நேரே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் மேனேஜருக்கென்று இன்னொரு கோடு இருந்தது. அதன் கீழே 'அக்செப்டட்' என்று அவரே டைப் பண்ணி வைத்திருந்தார். பேனாவை மூடாமல் அவர் பக்கம் நீட்டினாள்.

"ஒத்துக்கறேன்னு போட்டிருக்குதே சார், அங்க நீங்க போடுங்க."