விரலா, நூலா

எங்கள் தொழிலில் பாசியை முதலில் வேகவைப்போம். கொதித்த தண்ணீரைச் சல்லடையில் வடித்தால் பாசி மேலே தங்கிவிடும். அதற்குள் ஓடு கட்டி வாழும் ஒருவகை அமீபாக்கள் உண்டு; அவற்றின் ஓடுகள் தண்ணீரோடு கீழே இறங்கும். கண்ணுக்கே தெரியாத பொடிச் சட்டிகள். பெரும்பாலும் ஓட்டின் வடிவத்தை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம். உள்ளே இருந்தது வெந்துபோனதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

அப்படி வேகவைத்த ஒரு பிடியில்தான் இது கிடைத்தது. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் படர்ந்திருந்த பாசி. கழுத்து வளைந்து, வாய் ஒருக்களித்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடமும் அடுத்தவர் வைத்த பெயர்களையே எழுதி எழுதிக் கை ஓய்ந்தவள் நான். ஒன்றே ஒன்றுக்காவது நான் பெயர் வைத்துவிட வேண்டும்.

ஆனால் வெறும் ஓட்டை வைத்து இதன் குடும்பத்தைச் சொல்ல முடியாது. உயிரோடு ஒன்று வாய் வழியாகக் கை நீட்டுவதைப் பார்க்க வேண்டும். விரல் மாதிரி தடித்த கை என்றால் ஒரு குடும்பம். நூல் மாதிரி மெலிந்த கை என்றால் வேறு குடும்பம். அது தெரியாமல் பெயர் வைத்தால் ஊர் சிரிக்கும்.

மறுபடி தொட்டிக்கு ஓடினேன். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அசிங்கமா கெடந்துச்சும்மா. இப்ப பாருங்க, எப்படி இருக்குன்னு!"

அவரிடம் போய் என்னத்தைச் சண்டை போடுவது? குழாய்க்குப் பின்னால், சுண்ணாம்பு மட்டை எட்டாத இடத்தில், நகக்கண் அளவு பச்சை மிச்சமிருந்தது. அதைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், வேகவைக்காமல் துழாவியதில், உயிரோடு ஒன்றே ஒன்று அகப்பட்டது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உம்மென்று கிடந்தது. சாயங்காலம் வரை நானும் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. மைக்ராஸ்கோப்பின் கேமரா எப்போதோ பழுதாகி, கேட்பாரற்றுக் கிடந்தது.

என்னைக் கூட்டிப்போக என் கணவர் வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். மைக்ராஸ்கோப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். ஓட்டுக்குள் போனது வெளியே வரவில்லை என்றேன்.

"கதவத் தட்டிப் பாக்கறதுதானே?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். கணவரை என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"இதுல கண்ண வச்சிட்டு இங்கயே உக்காந்திருங்க. எதையும் தொடாதீங்க. மூச்சுகூட பலமா விடாதீங்க."

துறைத்தலைவர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். நான் திரும்பி வந்தபோது கணவருக்கு முகமெல்லாம் பல்.

"வெளிய வந்துச்சு! கை நீட்டுச்சு! நடந்தே போச்சு தெரியுமா!"

ஓடிப்போய்க் குனிந்தேன். விளக்குச் சூட்டில் தண்ணீர் வற்றியிருந்தது. ஓட்டுக்குள் இருந்தது சுருங்கிக் கருத்துவிட்டது. ஒரு சொட்டு விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

"ஏன் என்னக் கூப்பிடல? ஃபோன்லயாவது ஒரு படம் எடுத்திருக்கலாமே?"

"நீதானே எதையும் தொடாதேன்ன. கத்துனா பயந்து உள்ள போயிடுமோன்னு சும்மா இருந்தேன்."

நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தேன்.

"சரி. கை எப்படி இருந்துச்சு? விரல் மாதிரியா, நூல் மாதிரியா?"

"நூல் மாதிரி," என்றார் உடனே. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இல்ல, இல்ல. விரல். விரல் மாதிரிதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணை மூடி யோசித்தார். நெற்றி வியர்த்துவிட்டது. பாவம், அவ்வளவு பாடுபட்டார்.

"எதுவா இருந்தா உனக்கு நல்லது?" என்று கேட்டார்.