எமில்டா படுத்துக்கிடந்த யுத்தம்

சனிக்கிழமை மத்தியானமே எமில்டா கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். தலையிடி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் கொரியாவில் ஒருவர் இப்படித்தான் படுத்துக்கிடந்து ஒரு யுத்தத்தை வென்றார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதருக்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது. இவளுக்குப் பின்னால் கணவன் கிளிபோட் மட்டும்தான். அவரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை.

“பனடோல் தரட்டே?” என்று அவர் வாசலில் நின்று கேட்டார்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சும்மா படுத்திருக்கிறன்.”

“அதுதான் கேக்கிறன், ஏன்?”

“உங்களுக்கு விளங்காது.”

இந்தப் பதிலைக் கேட்டால் தேத்தண்ணி போடப் போய்விடுவது கிளிபோட்டின் வழக்கம். போய்விட்டார்.

விஷயம் இதுதான். அவர்கள் புலம்பெயர்ந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில், போகும் கோவிலில் தமிழருக்கு ஒரு பூசை, கொரியருக்கு ஒரு பூசை. மண்டபம் ஒன்றே ஒன்று. ஓகஸ்ட் பதினைந்து எங்கள் ஊர் மடு மாதா திருநாள். கொரியருக்கும் அன்று மாதா திருநாள்தான். போதாக்குறைக்கு அவர்கள் நாடு விடுதலையான நாளும் அதுவே. இந்த முறை மண்டபம் கொரியருக்கு என்று பாதர் சொல்லிவிட்டார். “பறிச்சுப்போட்டினம்” என்று எமில்டா திருநாள் குழுவுக்கு அறிவித்தாள். இந்த வருடத் தலைவி அவள். போன வருடம் வேரோனிக்கா. வேரோனிக்காவின் திருநாளில் சனம் மண்டபம் கொள்ளாமல் நின்றது என்று இன்னமும் கதைக்கிறார்கள்.

எதிரியை அறியவேண்டும் என்று எமில்டா யூடியூப்பில் கொரியச் சரித்திரத்துக்குள் இறங்கினாள். அங்கேதான் கித்தான்கள் அகப்பட்டார்கள். வடக்கிலிருந்து குதிரைகளில் வந்து கொரியோ என்ற அரசைத் திரும்பத் திரும்பத் தாக்கியவர்கள். முதல் தடவை எட்டு லட்சம் பேர் வருகிறோம் என்று தாங்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள். கலியாண மண்டபக்காரரிடம் எங்கள் ஆட்கள் சொல்லும் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று எமில்டாவுக்குப் பட்டது. சமாதானம் பேச சோ ஹீ என்ற அமைச்சர் போனார். முற்றத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வா என்றான் கித்தான் தளபதி. நான் உனக்குச் சமமானவன், மாட்டேன் என்று சோ ஹீ விடுதிக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எழும்பவேயில்லை. கடைசியில் தளபதிதான் இறங்கிவந்தான். பேச்சு முடிந்தபோது படை திரும்பிப் போனது, கொரியோவுக்கு நிலமும் கிடைத்தது. போதாததற்கு ஒட்டகம், ஆடு, பட்டு என்று பரிசுகள்.

ஆகவே, கொரியர் குழுத் தலைவி மிஸிஸ் யூன், “சனிக்கிழமை எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள், பேசலாம்” என்று செய்தி அனுப்பியதும் எமில்டா உஷாரானாள். முற்றத்தில் நின்று கும்பிடச் சொல்கிறார்கள்!

ஆனால் உடம்பு படுத்தாலும் மனம் படுப்பதில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்குள், அவள் அமுக்கி வைத்திருந்த ஒன்று மெல்ல மேலே வந்தது. மண்டபத்தை ஒருவரும் பறிக்கவில்லை. தை மாதமே கோவில் அலுவலகத்தில் சொல்லிவைப்பது தலைவியின் வேலை. தலைவி அப்போது, தான் தலைவியானதில் திளைத்துக்கொண்டிருந்தாள். மறந்துபோனாள். கூட்டத்துக்குப் போனால் அது வெளியே வரும். ஞாயிறு பூசை முடியமுன் வேரோனிக்காவின் காதுக்குப் போய்விடும். சோ ஹீ மானத்துக்காகப் படுத்தார். இவள் பயத்தில் படுத்திருந்தாள். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதுதான் படுக்கையின் வசதி.

பின்னேரம் அழைப்புமணி அடித்தது. கிளிபோட்டின் தலை அறைக்குள் நீண்டது.

“மிஸிஸ் யூன் வந்திருக்கிறா. ஏன் கூட்டத்துக்கு வரேல்லை எண்டு போன் எடுத்தவ. நீர் வருத்தமாப் படுத்திருக்கிறீர் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஐயோ, என்ன மனுசனப்பா நீங்கள்!”

“பின்னை, மூளை பிசகிப் படுத்திருக்கிறா எண்டே சொல்லுறது?”

ஆகத் தளபதி இறங்கிவந்தாயிற்று. கையில் ஒட்டகம் இல்லை. துணியில் சுற்றிய பாத்திரம் ஒன்று இருந்தது.

“பூசணிக்காய்க் கஞ்சி. வருத்தக்காரருக்கு நாங்கள் இதுதான் கொடுப்போம்” என்றார் மிஸிஸ் யூன், ஆங்கிலத்தில். எமில்டா வேறு வழியில்லாமல் இருமினாள். இருமல் அவ்வளவு திறமாக வரவில்லை.

“மண்டபத்தை நீங்களே எடுங்கள். எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். படுக்கையில் கிடக்கிறவரோடு யார் சண்டை பிடிப்பது?”

வென்றாயிற்று. எமில்டா நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். கஞ்சியின் இனிப்பான ஆவி முகத்தில் அடித்தது.

“எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை” என்றாள். “சோ ஹீ மாதிரிப் படுத்திருந்தேன்.”

“எந்த சோ ஹீ?”

“கித்தான் யுத்தம். உங்கள் அமைச்சர்.”

“ஓ, பள்ளிக்கூடத்துச் சோ ஹீ! சரித்திரத்தில் எனக்கு எப்போதும் குறைந்த புள்ளிதான்.” சற்று யோசித்தார். “அப்படியென்றால், நான் கித்தானா?”

“கஞ்சி வரும் வரைக்கும்.”

மிஸிஸ் யூன் கதிரையில் சாய்ந்து சிரித்தார். எமில்டா எழுந்து உட்கார்ந்து, தை மாதத்தில் மறந்ததையும் சொன்னாள்.

“அது தெரியும், அலுவலகத்தில் சொன்னார்கள். சரி, வருத்தம் இல்லையென்றால் மண்டபத்தைப் பங்குபோடலாம். உங்கள் சாப்பாடு எத்தனை மணிக்கு? நாங்கள் பதினொன்றுக்குச் சாப்பிட உட்கார்ந்தால் ஒன்றரைக்குக் கூட்டித் துடைத்துவிடுவோம்.”

“பன்னிரண்டு என்று நோட்டீஸில்...” எமில்டா நிறுத்தினாள். தன் சனத்தை ஒருதரம் நினைத்துப் பார்த்தாள். பூசைக்கே பிந்தி வந்து, மாதாவின் சுருவம் சுமந்துபோகும் பவனியில் படமெடுத்து, கார் நிறுத்தும் இடத்தில் ஊர்க்கதை பேசி... பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் மைக்செற்காரன்கூட நிற்கமாட்டான். “இரண்டரைக்கு முதல் ஒருவரும் வரமாட்டோம்.”

ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு படைகளுக்காக அவள் இத்தனை நாளாக யுத்தம் நடத்தியிருந்தாள்.

மிஸிஸ் யூன் போனபின் வேரோனிக்காவுக்குப் போன் எடுத்தாள். நின்றுகொண்டே பேசினாள்.

“திருநாளுக்கு ஹோல் கிடைச்சிட்டுது.”

“அட! என்னெண்டு மடக்கினீர்?”

சோ ஹீயின் ஒட்டகங்கள் ஒரு கணம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஏறிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“மடக்கேல்லை. அவையள் பறிக்கவும் இல்லை. நான்தான் தையிலை புக் பண்ண மறந்துபோனன், வேரோனிக்கா. இப்ப அவையாத்தான் தந்தவை.”

 மறுமுனையில் வேரோனிக்கா தொண்டையைச் செருமினாள்.

“சரி, உதை நாளைக்குக் குழுக் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லும்.”

முற்றம், கும்பிடு, எல்லாம் வந்துவிட்டது. எமில்டா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கிடந்த பள்ளம் இன்னும் அப்படியே, வா வா என்றது.

“ஓம், சொல்லுறன்” என்றாள்.

குசினிக்குள் கிளிபோட் கஞ்சிப் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தார். கரண்டியை நக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“நாளைக்கு நான் படுக்கட்டே?”