இலையோரத்துச் சுருட்டு

எனக்குப் பசி வந்தால் கண் மண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

கொழும்பிலிருந்து பருத்தித்துறைக்கு என்னை அனுப்பியது ஒரு ஐஸ் ஃபக்டரியின் கொம்பிரசரைத் திருத்துவதற்கு. வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. பஸ் இரவுக்குத்தான். வந்ததே வந்தோம், ஊரைப் பார்ப்போம் என்று வெயிலில் கிளம்பினேன். கடலோர வெளிச்சவீட்டைப் பார்த்தேன். தெருவையே கூரைக்குள் விட்டுக் கட்டிய தெருமூடி மடத்தில், கல்தூண்களுக்கு நடுவே நின்று படம் எடுத்தேன். அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போன இடமாம். கல் மட்டும் குளிர்ந்து கிடந்தது, ஒரு சோற்றுப் பருக்கை கிடையாது. கடைத்தெருவில் தட்டை வடை ஒரு கடதாசிச் சரை வாங்கி நின்ற நிலையிலேயே முடித்தேன். அது வயிற்றின் எந்த மூலைக்குப் போனதோ தெரியவில்லை.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்க, ஃபக்டரி மெக்கானிக் கோகுலனுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

"வீட்டுச் சாப்பாடெண்டால் மடத்துக்குப் பின்னாலை இருக்கிற ஒழுங்கையிலை பச்சைக் கேற் வீடு, கிறிஸ்ரினா அக்கா. பின்வாசலாலை போங்கோ. நான் சொல்லிவிடுறன், இலை போட்டு வைப்பினம்."

அந்தச் சந்தில் பச்சை கேட் வைத்த வீடு இரண்டு இருப்பதை அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஆளில்லை, சத்தமில்லை. முன்கதவையும் ஜன்னல்களையும் பூட்டி, ஒரு குத்துவிளக்கு மட்டும் ஏற்றியிருந்தார்கள். நிலத்தில் ஒரேயொரு தலைவாழை இலை. சோறு, கணவாய்க் கறி, நண்டு, சுறா வறை. இலையோரத்தில் ஒரு சுருட்டும் நெருப்புப்பெட்டியும். நான் கொச்சிக்கடை வேதக்காரி, மாதா கோயிலைத் தவிர எனக்கென்ன தெரியும்? இந்தப் பக்கம் வெற்றிலைக்குப் பதில் சுருட்டு வைப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு சப்பணம் கட்டி உட்கார்ந்தேன்.

அந்தோனியாரே, அந்தக் கணவாய்! தலையை நிமிர்த்தவே மனம் வரவில்லை. வெளியே அவ்வளவு வெயில், அறைக்குள் மட்டும் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு அதையும் மறந்துவிட்டேன்.

நண்டுக் காலைக் கடிக்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து சுருட்டுப் புகை வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரது? சாப்பிடுற இடத்துல என்ன புகை? வெளிய போய்ப் பத்துங்க!" என்று திரும்பிப் பார்க்காமலே, வாய் நிறையச் சோற்றோடு ஏசினேன்.

ஒரு செருமல் கேட்டது. ஈரக்கால் நிலத்தில் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம் பின்வாசல் பக்கமாகப் போனது. பரவாயில்லை, சொன்னால் கேட்கிற மனுசன் என்று நினைத்தபடி நண்டின் மற்றக் காலை எடுத்தேன்.

முன்கதவு திறந்தபோது இலையில் நண்டுக்கோது மட்டும்தான் மிச்சம். வாசலில் ஒரு கூட்டம் நின்றது. "ஐயோ!" என்று ஒரு வயதான அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அழுகைக்கும் ஏச்சுக்கும் நடுவே எனக்கு விளங்கியது இதுதான். வீட்டுக்காரன் சிவரூபன் போன மாதம் கடலுக்குப் போனவன். படகு மட்டும் கரை ஒதுங்கியிருக்கிறது. செத்தவருக்குப் படைப்பதுபோல், அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, அவன் வந்து சாப்பிடட்டும் என்று பின்கதவை மட்டும் சும்மா சாத்திவைத்து, முன்கதவைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் முன்முற்றத்தில் வாய் திறக்காமல் காத்திருந்திருக்கிறார்கள். அவன் மனைவி நிரோஜா படம்கூட வைக்க விடவில்லை. ஒரேயொரு பேச்சுக்குத்தான் சம்மதித்தாளாம்: "அவர் வந்து தொட்டால் தாலியைக் கழட்டுறன். இலை அப்பிடியே இருந்தால் அவர் உயிரோடை இருக்கிறார். பிறகு ஒருத்தரும் என்னோடை இதைப்பற்றிக் கதைக்கக் கூடாது."

அந்த இலையைத்தான் நான் வழித்துத் துடைத்திருந்தேன்.

"நான்தான் சாப்பிட்டேன்! வீடு மாறி வந்துட்டேன்! சத்தியமா அவர் வரல்ல!" என்று கத்தினேன்.

அந்த அம்மா, சிவரூபனின் அக்கா தங்கமுத்து, என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். நிரோஜா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கேட்டியளோ மச்சாள்? இவாதான் சாப்பிட்டவா. அவர் வரேல்லை!"

சிரித்துக்கொண்டே இலையைப் பார்த்தாள்.

"சுருட்டு எங்கை?"

எல்லோரும் தேடினோம். அது பின்வாசல் படியில், பாதி எரிந்து, இன்னும் புகைந்துகொண்டு கிடந்தது. கொளுத்துகிற வெயிலில் அந்தப் படி நனைந்திருந்தது.

"அதுவும் நீங்களோ அக்கா?"

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு முடியவில்லை. "ஆமா, நான்தான்" என்றேன். என் ஆயுளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை.

அவள் உள்ளே போய் இன்னொரு சுருட்டு எடுத்து வந்தாள்.

"அப்ப இதையும் பத்துங்கோ."

வாங்கிப் பற்றவைத்தேன். ஒரே இழுவை. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருமினேன், கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. நிரோஜா சுருட்டை வாங்கி அணைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் தந்து, என் உச்சந்தலையில் மெல்லத் தட்டினாள்.

"காணும் அக்கா, இழுத்தது காணும். உண்மையைச் சொல்லுங்கோ. அவர் என்ன செய்தவர்?"

"பின்னால நின்னு பத்தினாரு. நான் முகத்தைக்கூடப் பார்க்கல்ல. பாவி நான், ஏசிட்டேன். வெளிய போய்ப் பத்தச் சொன்னேன். ஒண்ணும் பேசாம போயிட்டாரு."

"ஓம்" என்றாள் அவள். "நானும் ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் ஏசுறனான். மறுபேச்சுக் கதைக்கமாட்டார். உந்தப் படியிலைதான் போய் இருந்து பத்துறவர்."

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய், தாலிக்கொடியின் கொளுக்கியைத் தேடினாள்.