அடிக்காத மணி

மணி அடிப்பவரின் மகள் பதினாறு வருடங்களாகச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கூரை போட்ட சைக்கிள் பந்தய அரங்கின் மரப்பலகைத் தளத்தில், சுவர் மாதிரிச் சரிந்து நிற்கும் வளைவுகளின் மேல்கோட்டில், இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். அங்கே ஓட்டும் சைக்கிள்களுக்கு பிரேக் கிடையாது. கடைசிச் சுற்று தொடங்கும்போது பித்தளை மணி அடிக்கும். அதைக் கேட்டபின் ஒரு சுற்று ஓட்டி முடித்துக்கொள்வார்கள்.

தப்பு அப்பாவுடையது. அன்றைய பந்தயத்தில் மகள் எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரு சுற்று கிடைத்தால் எட்டிப் பிடித்துவிடுவாள் என்று பெற்ற மனம் அடித்துக்கொண்டது. கடைசிச் சுற்று வந்தும், மணிக் கயிற்றைப் பிடித்த கை இழுக்காமல் அப்படியே நின்றுவிட்டது. மற்றவர்கள் தாங்களாகவே எண்ணி வைத்திருந்ததால் முடித்து இறங்கி வீடு போய்ச் சேர்ந்தார்கள். மகள் மட்டும் அப்பாவின் எண்ணிக்கையை நம்பினாள். அவர் பதறிப்போய்க் கயிற்றை இழுத்தபோது மணியின் நாக்கு ஆடியது, சத்தம் வரவில்லை. "இறங்கும்மா, தப்பு என்னோடது" என்று தொண்டை கிழியக் கத்தினார். "மணி அடிக்கலையேப்பா" என்று சிரித்தபடி போய்விட்டாள். அதன் பிறகு சுற்றுக்கு ஒரு முறை கேட்பாள்: "எத்தனைப்பா பாக்கி?"

"ஒண்ணுதாம்மா."

மகள் இறங்கியதும் முகம் துடைத்துவிட வேண்டுமென்று அம்மா தினமும் துண்டும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலை நரைத்தது. மகளின் பத்தொன்பது வயது பத்தொன்பதாகவே நின்றது. பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களிடம், மேல்கோடு அவளுடையது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

போன வருடம் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து அரங்குக்கு வந்த அப்பா, மணிக்குப் பக்கத்தில் அவள் உட்காரும் நாற்காலியில் கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தபோது தோள் மணியில் இடித்தது. மெலிதாகச் சத்தம் வந்தது. மகள் எதிர் வளைவில் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. பதினைந்து வருடம் தவம் கிடந்த சத்தம். அவர் கயிற்றைப் பிடித்தார். இழுத்தால் ஒரே ஒரு சுற்று, மகள் இறங்கிவிடுவாள். இறங்கியதும் அம்மாவைத்தான் தேடுவாள்.

"அம்மா எங்கப்பா?" என்று கேட்டபடி கடந்தாள்.

"துண்டு துவைக்கப் போயிருக்கா, வந்துருவா."

அவள் வளைவில் திரும்பியதும், அவர் துண்டை மடித்து மணிக்குள் நன்றாகத் திணித்தார். அடுத்த சுற்றில், "எத்தனை பாக்கி?" என்றாள்.

"ஒண்ணுதாம்மா."

மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் வழக்கம்போல அவளுக்கு மேல்கோட்டை விட்டுவிட்டுக் கீழே ஓட்டினார்கள்.