ஸ்காபரோவில் வசிக்கும் ஒஸ்வால்ட்

சனிக்கிழமை மத்தியானம். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஏவறை விட்டால் தூங்கிவிடுவாள், நானும் சூட்டோடு ஒரு வாய் சோறு தின்னலாம் என்றிருந்த நேரம் பார்த்து, முன்னறையிலிருந்து அனுஜன் "ஐயோ, போச்சு!" என்று கத்தினார். பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டாள். என் கணவர் கத்துகிற ஆள் இல்லை. கொழும்பு காலி வீதியில் பஸ் உரசிக்கொண்டு போனாலும் "பரவாயில்லை" என்று சொல்கிற பிறவி. அவருடைய அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், மனுஷன் கேம் கொன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்தபடி ரீவிக்கு முன்னால் நிற்கிறார். ரீவி முழுக்க நீலம், நடுவில் இங்கிலிஷில் நாலு வரி. எனக்கு வந்த கோபத்துக்குப் பிள்ளை மட்டும் கையில் இல்லாவிட்டால் அந்த விளையாட்டுப் பெட்டியைத் தூக்கி ஜன்னலால் எறிந்திருப்பேன்.

வாசித்துப் பார்த்தேன். எக்கவுண்ட் சொந்தக்காரர் தன் அடையாளத்தை உறுதிப்படுத்தும்வரைக்கும் எல்லாம் பூட்டப்பட்டிருக்குமாம். இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் எக்கவுண்டே இல்லையாம். கீழே சொந்தக்காரர் விபரம் இருந்தது. பெயர் ஒஸ்வால்ட் மொராயஸ். வசிக்கும் இடம் ஸ்காபரோ, கனடா.

ஒஸ்வால்ட் மொராயஸ் என்னுடைய அண்ணா. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருக்கிறார். கனடாவை அவர் வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

இந்தக் கூத்தை விளக்கத்தான் வேண்டும். விளையாட்டுப் பெட்டி விற்கிற பெரிய கம்பனிகளில் ஒன்று நீலம், ஒன்று பச்சை. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் சொல்வோம். பெயரைச் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் கொடுக்க நான் தயாரில்லை. நீலக் கம்பனியில் எக்கவுண்ட் திறக்கப் போனால் முதலில் நாட்டைக் கேட்கும். இங்கிலிஷ் எழுத்து வரிசையில் போகிற அந்த லிஸ்டில் ஸ்பெயினுக்கு அடுத்தது சுவீடன். நடுவில் வர வேண்டிய இலங்கை இல்லை. ஆகவே இங்கே பெட்டி வாங்கியவர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிற மாமி, சித்தி விலாசத்தில்தான் விளையாடுகிறார்கள். அனுஜனுக்குக் கனடாவில் ஆள் இல்லை. யாழ்ப்பாணத்து ஆளுக்குக் கனடாவில் ஆள் இல்லையென்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஆனால் சத்தியமாக இல்லை. அண்ணாதான் "நான் பண்ணித் தாறன் மச்சான்" என்று எங்கள் புளோறன்ஸ் மாமியின் ஸ்காபரோ விலாசத்தைப் போட்டு, தன் பெயரையும் பிறந்த திகதியையும் போன் நம்பரையும் கொடுத்துத் திறந்து கொடுத்தார். அப்போது இரண்டு பேரும் உயிருக்குயிரான கூட்டாளிகள். அண்ணாவோடு விளையாட எங்கள் வீட்டுக்கு வந்து வந்துதான் அனுஜன் என்னையே பார்த்தது.

நான் வேதக்காரி, அவர் சைவம். கல்யாணம் என்றதும் சண்டை எப்போது தொடங்கும் என்று இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்தது. கோயிலா சேர்ச்சா என்று ஒரு வார்த்தை வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷர்கள். சண்டை வந்தது அண்ணா பச்சைப் பெட்டி வாங்கிய அன்றைக்கு. நம்முடைய அரசியலிலும் ஒரு காலம் பெரிய கட்சிகள் இரண்டுக்கும் நிறம் பச்சையும் நீலமும்தானே. அம்மா அதைத்தான் நினைத்துக்கொண்டு, "சோத்து மேசையில கட்சி கதைக்காதீங்கடா" என்று ஏசுவா. எந்தக் கம்பனி விலையை ஏற்றினாலும் இவர்களில் ஒருவர் அதற்கு வக்கீல். "அவங்களுக்கும் செலவு கூடுது தானே" என்பார் அனுஜன், ஏதோ அந்தக் கம்பனி முதலாளி இவரைக் கேட்டுத்தான் விலை போடுகிற மாதிரி. அண்ணா மட்டும் குறைச்சலா? பச்சைக்காரன் ஒரு புதுக் கேமை அறிவித்தால், தானே பெற்றுப் போட்டது போல வட்சப்பில் எல்லோருக்கும் அனுப்புவார். இந்த நாடு எங்கே இருக்கிறது என்றே கவலைப்படாத இரண்டு கம்பனிகளுக்காக இவர்கள் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், இரண்டு பேருடைய தலையையும் பிடித்து முட்ட வேண்டும் போலவும் இருக்கும்.

அப்படியே கத்திக்கொண்டு இருந்திருந்தால் பரவாயில்லை. போன வருஷம் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா அன்று, அம்மா வீட்டில் சாப்பாடு. பச்சைக் கம்பனிக்கு மாதக் கட்டணம் கட்டினால் நூற்றுக்கணக்கான கேம் விளையாடலாம் என்று அண்ணா பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அனுஜன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சொந்தமா வாங்க வழியில்லாதவன்தானடா வாடகைக்கு விளையாடுவான்."

அண்ணா துறைமுகத்தில் சரக்குக் கிளியர் பண்ணுகிற ஒரு சின்ன இடத்தில் வாஃப் கிளார்க்காக இருந்தவர். அந்த வேலை போய் அன்றைக்கு மூன்று வாரம். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் வேறு யாருக்கும் சொல்ல விடவில்லை. பாதிச் சோற்றில் எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அன்று இரவே அனுஜனிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, தள்ளியதே வெட்கமாகி, வெட்கம் வீம்பாகி, ஒரு வருஷம் போய்விட்டது. அண்ணாவுக்குப் பிறகு வேறு வேலை கிடைத்தது. எங்களுக்கு லவினா பிறந்தாள். அனுஜன் ஆஸ்பத்திரியில் இல்லாத நேரம் பார்த்து அண்ணா வந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அடுத்த ஞாயிறு லவினாவுக்கு ஞானஸ்நானம். எனக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு அண்ணா. அவரைத் தவிர வேறு யாரை ஞானத்தகப்பனாக நிற்க வைப்பேன்? "நான் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டன், என்னக் கேக்காதீங்க" என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். பாதர் இரண்டு தரம் ஞானத்தகப்பன் பெயர் கேட்டுவிட்டார். நான் இரண்டு தரமும் பிள்ளை அழுகிறாள் என்று போனை வைத்துவிட்டேன். பாதரிடமே பொய்.

ரீவியில் அடுத்த வரி: உங்கள் போனுக்கு ஒரு கோட் அனுப்பவா? நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. அண்ணாவின் பழைய நம்பர்.

"நீர் ஒருக்கா எடுத்துக் கேளுமன்," என்றார் அனுஜன்.

"நான் எடுக்க மாட்டன். வாய் விட்டது நீங்க, நீங்களே எடுங்க."

"அந்த நம்பர் இப்ப இருக்காதப்பா. புது வேலையில அவனுக்குப் போன் குடுத்திட்டாங்கள் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"அப்ப எல்லாம் போகட்டும். சொந்தமா வாங்கினதெண்டு தானே பெரிசாச் சொன்னீங்க?"

சொன்ன பிறகு பாவமாக இருந்தது. எத்தனை வருஷமாகச் சேர்த்த கேம்கள். கல்யாணத்துக்கு முதலே சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளி வாங்கியது. அலுமாரியில் ஒரு சீடித் தட்டுக்கூட இல்லை, எல்லாம் காற்றில். கம்பனிக்காரன் எங்கேயோ ஒரு பொத்தானை அமத்தினால் சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை. அனுஜன் "அனுப்பு" என்பதை அமத்தினார். பிறகு தன் போனை எடுத்து, அண்ணாவின் பெயரைத் தேடி, பெருவிரலை அதற்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வை வழிந்தது. ஃபான் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்த நேரம் போன் அவர் கையிலேயே அடித்தது. அண்ணாவின் பழைய நம்பர்.

ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"கோட் வந்திருக்கு. சொல்லவா?" அண்ணாவின் குரல்.

அனுஜன் ஒரு கையால் கொன்ட்ரோலரைத் தடவி எடுத்தார்.

"டேய், இருக்கியா? கொஞ்ச நேரத்தில செல்லாமப் போயிடும். எழுது."

அண்ணா ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அனுஜன் கொன்ட்ரோலரால் எழுதினார். ரீவி ஏற்றுக்கொண்டது.

"மச்சான், இந்த நம்பர் இன்னும் இருக்கே?"

"இல்லாமலா கோட் வந்தது?"

"இல்லையடா, நீ புது நம்பர் எடுத்திட்டாய் எண்டு..."

"எடுத்ததுதான். இத பழைய போனில போட்டு வச்சிருக்கன். விடாமக் காசு போட்டு ரீலோட் பண்ணுவன்." அண்ணாவின் குரல் தணிந்தது. "நம்பரை வெட்டிட்டானெண்டா உண்ட கேம் எல்லாம் போயிடும் தானே. நீ சேத்ததெல்லாம்."

விடாமல் என்றால், வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களிலும் போட்டிருக்கிறார். யாருடைய வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றாரோ அந்த மனுஷனுடைய எக்கவுண்டுக்கு, அதுவும் நீலக் கம்பனி எக்கவுண்டுக்கு! யேசுவே, இந்த ஆம்பிளைகளை என்ன செய்வது? அனுஜன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. பிள்ளை என் தோளில் இப்போதுதான் ஏவறை விட்டாள்.

கம்பனி அதோடு விடவில்லை. அடுத்த திரையில் ஒரு கியூஆர் கட்டம். அதைப் போனில் படமெடுத்து, பாஸ்போட்டைக் காட்டி, பிறகு சொந்தக்காரர் தன் முகத்தையும் காட்ட வேண்டும். பெயரும் பிறந்த திகதியும் முகமும் பொருந்தினால் போதுமாம். ஸ்காபரோவைப் பற்றி நல்லவேளை ஒன்றும் கேட்கவில்லை.

"மச்சான்," என்றார் அனுஜன். "உன்ர முகம் வேணுமாம். நீ வரவேணும்."

அந்தப் பக்கம் தூரத்தில் அம்மாவின் குரல் கேட்டது: "பன்றிக் கறி கொஞ்சம் இருக்கு, போகும்போது கொண்டு போ."

"எங்க போறன் எண்டு உங்களுக்கு யார் சொன்னது?" என்று அண்ணா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். பிறகு எங்களிடம், "வாறன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் சோறு தின்னவில்லை. வீட்டைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினேன். அனுஜன் சட்டை மாற்றினார். மச்சான் வருவதற்கு யாராவது அயன் பண்ணின சட்டை போடுவார்களா? இவர் போட்டார். கீழே த்ரீவீலர் நின்று, "ஹரி மல்லி, தியாகன்ன" என்று அண்ணா சிங்களத்தில் டிரைவரிடம் மிச்சக் காசு வேண்டாமென்று சொல்வது ஜன்னலால் கேட்டதும்தான் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உள்ளே வந்தவர் கறிப் பாத்திரத்தை என்னிடம் தந்துவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் நேரே ரீவியைப் பார்த்தார். தன் பெயரையும் ஸ்காபரோவையும் வாசித்தார்.

"பாத்தியா உண்ட கம்பனிய? எண்ட நாட்டு பேர் லிஸ்டில வேணாமாம், எண்ட மூஞ்சி மட்டும் வேணுமாம்."

"உன்ர பச்சைக்காரன் மட்டும் திறமே? அவனும் நாளைக்குக் கேப்பான், பொறு."

"கேட்டா காட்டுவன். நான் எண்ட பேரிலதான் வச்சிருக்கன்."

"ஓமடா, நீலத்திலயும் உன்ர பேர்தான் இருக்கு. அவன்ர நம்பிக்கையான வாடிக்கையாளர் நீதான்!"

அண்ணா சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்தார், முடியவில்லை. நான் குசினிக்குள் போய்க் கறியைச் சூடாக்கினேன். இரண்டு பேரும் முன்னறையில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. இவ்வளவு நல்ல சத்தம் என்று எனக்கு முன்பு தெரியாது.

திரும்பி வந்தபோது சத்தம் குறைந்திருந்தது. அண்ணா பாஸ்போட்டை விரித்து வைத்திருந்தார். வேலை போனபோது கட்டாருக்குப் போகலாம் என்று எடுத்தது, ஒரு முத்திரைகூட விழாதது. அனுஜன் அதன் வெறும் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அண்டைக்கு நான் கதைச்சது..."

"எண்டைக்கு?"

"அந்தோனியார் திருவிழாவுக்கு. எனக்குத் தெரியாதடா. தெரிஞ்சிருந்தாலும் அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது."

அண்ணா போனைத் துடைத்தார். "லைட்டப் போடு. முகம் தெரியுதில்ல எண்டு சொல்லும்."

அனுஜன் லைட்டைப் போட்டார். போட்டுவிட்டு சுவரோடு நின்றபடி, "வாற ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம்," என்றார். "ஞானத்தகப்பன்ர பேர் இன்னும் குடுக்கேல்ல."

அண்ணா என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டினார். "அவள இங்க தா."

கொடுத்தேன். இடது கையில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, வலது கையால் போனை முகத்துக்கு நேரே தூக்கினார். திரையில் ஒரு முட்டை வட்டம். அண்ணாவின் முகம் அதற்குள் வந்ததும் பச்சையாகத் தொடங்கியது. லவினா வெளிச்சத்தைக் கண்டு தலையைத் தூக்கினாள். வட்டம் சிவந்தது. ஒரு முகம் மட்டும் இருக்க வேண்டும் என்று எழுத்து வந்தது.

"பிள்ளைய இஞ்ச தாவன் மச்சான்," என்றார் அனுஜன்.

"இரு. என்ன அவசரம்?"

அண்ணா போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிள்ளை எச்சில் கையால் அவருடைய மூக்கைப் பிடித்தாள். போன் திரும்பவும் சிவந்தது, திரும்பவும் கேட்டது, ஒரு முகம் மட்டும், ஒரு முகம் மட்டும். அண்ணா குனிந்து பிள்ளையின் கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டு, அந்தச் சிவந்த வட்டத்துக்குள் நிறைந்து நின்ற இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.