மண்டையோடு இல்லாத மாப்பிள்ளை

பெண் பார்க்க ஆள் வருமுன் மாப்பிள்ளையின் படம் வருவது பதுளைக் கடைவீதி முஸ்லிம்களுக்குப் பழகிப்போன விஷயம். ஸ்டூடியோவில் இரவல் கோட்டுப் போட்டு, பிளாஸ்டிக் பூச்சாடியில் ஒரு கையை வைத்து, சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நிற்கும் படம். நளீராவுக்கு இதுவரை அப்படி நாலைந்து வந்துவிட்டன. எல்லாவற்றிலும் பூச்சாடி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் பண்டாரவளையிலிருந்து வந்த படம் மட்டும் இரண்டாக வந்தது. ஒன்றில் ஒரு வாலிபன் கம்பளிச் சட்டையோடு மரத்தடியில் நின்றான். பெயர் ஸரூக். இங்கிலாந்தில் பௌதிகம் படித்து, அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்பவன். இரண்டாவது படமும் அவனுடையதுதான். ஆனால் அது அவன் தலையின் உள்பக்கம். நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் பக்கவாட்டில் கோடாகத் தெரிய, உள்ளே மூளை மடிப்பு மடிப்பாகவும் கீழே நாக்கு சாதுவாகவும் கிடந்தன. பின்புறம் அவன் கையெழுத்தில் இரண்டே வரி: “வெளியே பார்த்தது போதாவிட்டால் உள்ளேயும் பார்க்கலாம். மறைக்க ஒன்றும் இல்லை.”

நளீரா பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். அந்த இரண்டு வரியைப் படித்தவுடனேயே அவள் மனம் அவனிடம் விழுந்துவிட்டது. மற்ற மாப்பிள்ளைகள் கோட்டைக் காட்டினார்கள், இவன் மூளையைக் காட்டுகிறானே! இவன்தான் எனக்கு என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். ஆனால் யாரிடம் சொல்வது? பெண்ணிடம் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கேட்காமல் சொல்கிற வழக்கம் அதைவிடக் கிடையாது.

உம்மா இல்லாத வீடு. வாப்பா ஜுனைதீன் கடைவீதியில் ஆணி, பூட்டு, மண்வெட்டி விற்கிற இரும்புக் கடைக்காரர். அவருடைய அக்கா, ராத்தா ரஹ்மத்தும்மாதான் வீட்டை நடத்துகிறார். தம்பியின் வாயையும் ஊரின் வாயையும் சேர்த்து நடத்துகிறார் என்றாலும் பிழையில்லை. படத்தைப் பார்த்ததும் அவர் நெஞ்சில் கைவைத்தார்.

“அல்லாஹ்வே! புள்ளட தலைய ரெண்டாப் பொளந்து படம் எடுத்தீக்காங்களே!”

“பொளக்கல்ல மாமி. காந்தத்தால எடுத்த படமாம்” என்றாள் நளீரா.

“காந்தத்தால ஆணி பொறுக்கலாம். படம் எடுக்க ஏலுமா?” என்று ஜுனைதீன் கேட்டார். காந்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தத் தெருவில் எவருக்கும் தெரியாது. கடையில் சிந்திய ஆணிகளைப் பொறுக்க நூல் கட்டிய காந்தம் ஒன்று வைத்திருந்தார்.

படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். வினை அங்கேதான் பிடித்தது. கதவுக்குப் பிணைச்சல் வாங்க இராசையா வந்தான். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, ஒரு தனியார் டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே பிடிப்பவன். தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போய் வழுக்கி விழுந்தவர்களின் கையும் காலும் அவன் கைபடாமல் சேர்ந்ததில்லை. அப்படிப்பட்ட நிபுணன் தானாக வந்து நிற்கையில் ஜுனைதீன் சும்மா இருப்பாரா?

இராசையா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று.

“மொதலாளி, யாருங்க இந்தப் புள்ள?”

“தெரிஞ்ச இடத்துப் புள்ள. ஏன்?”

“எலும்புன்னா படத்துல வெள்ளையா விழும்ங்க. எத்தனையோ வருசமா அதைத்தான் பார்க்கிறேன். இதுல பாருங்க, மேல்தோலுக்கும் மூளைக்கும் நடுவுல கறுப்பா ஓடுது. மண்டையோடு இருக்க வேண்டிய இடம் அதாங்க. ஒண்ணுமே இல்லீங்களே!”

அவனைக் குறை சொல்லக்கூடாது. தெரிந்ததைத்தான் சொன்னான். தெரிந்ததையே சொல்பவனால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது வேறு கதை. கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. துணிக்கடையில் பேச்சு தொடங்கும்போது மாப்பிள்ளைக்கு மண்டையோடு மெலிசு. இறைச்சிக்கடைக்குப் போகையில் மண்டையோடே இல்லை. பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, தொப்பியைக் கழற்றினால் மூளை தெரியுமாம், அதற்காகத்தான் சீமையிலே போய் உட்கார்ந்திருக்கிறானாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கச் சொன்னார்கள். இங்கே ஒரு உண்மையான படம் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

“எனக்கு ஒரே மகள். மண்டையோடு இல்லாதவனுக்குக் குடுத்துட்டு, தேங்காய் விழுமோ மாங்காய் விழுமோ எண்டு காலம் பூரா மேலே பார்த்துட்டு ஈக்க ஏலாது” என்றார் ஜுனைதீன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பண்டாரவளைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதென்றும், வெலிமடை அரிசி ஆலைக்காரரின் மகனுக்குச் சரி சொல்வதென்றும் அக்காவும் தம்பியும் முடிவெடுத்தார்கள். அரிசி ஆலைக்காரர் மகனின் படத்திலும் அந்தப் பூச்சாடி இருந்தது.

நளீராவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எலும்பு வெள்ளையாக விழும் என்றுதான் அவளும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். ஒருவேளை உண்மையிலேயே ஏதும் நோயோ? நோயென்றால் மறைக்க ஒன்றுமில்லை என்று எழுதுவானா? மாமி அசர் தொழப் போன நேரத்தில் படத்தை எடுத்து மறுபடி பார்த்தாள். அந்த மூளை மடிப்புகளுக்குள் எங்கோ ஒரு மூலையிலிருந்துதானே அந்த இரண்டு வரியும் புறப்பட்டிருக்கும் என்று நினைத்தாள். இவனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், தரகரும் இல்லாமல் பெரியவர்களும் இல்லாமல், ஒரு வாலிபன் வாசலில் வந்து நின்று ஸலாம் சொன்னான். ஸரூக்! விடுமுறையில் வந்திருந்தவனுக்கு இந்த மண்டையோட்டுப் பேச்சு பண்டாரவளைவரை எட்டிவிட்டது. அவன் தாய் உம்மு குல்தூம் அழுது பாயில் படுத்துவிட்டதால், காலை ரயிலேறித் தானே வந்துவிட்டான். ரஹ்மத்தும்மாவின் கண் நேராக அவன் தலைமுடிக்குப் போனது. நளீரா அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் நின்றாள்.

ஜுனைதீன் நேர்மையான மனிதர். சுற்றி வளைக்கத் தெரியாது.

“குறை நினைக்கப்படாது தம்பி. உங்களுக்கு மண்டையோடு ஈக்கா?”

ஸரூக் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பைத் தேத்தண்ணீர் அடித்தட்டில் சிந்தியது. “ஈக்கு மாமா. தட்டிப் பாருங்களே.”

“சீ, மருவாதியான வீடு இது” என்றார் ரஹ்மத்தும்மா. தட்டிப் பார்க்க ஆசையிருந்தது அவருக்கு.

“மாமா, எக்ஸ்ரே எலும்பைப் பார்க்கிற சாமான். எங்கட காந்தம் தண்ணியைப் பார்க்கிற சாமான். ஒடம்புல ஈக்கிற தண்ணி அந்தக் காந்தத்துக்குப் பதில் குடுக்கும். மூளை முழுக்கத் தண்ணி, அதால நல்லாப் பதில் குடுக்கும். எலும்பு காய்ஞ்சது, வாயே தொறக்காது. பதில் வராத இடம் படத்துல கறுப்பா விழும்.”

“அந்த மூணு இங்கிலீஷ் எழுத்து?” என்று ரஹ்மத்தும்மா படத்தின் ஓரத்தைக் காட்டினார்.

“என். எம். ஆர். நியூக்ளியர் மேக்னெட்டிக்...”

“நியூக்ளியரா! அணுகுண்டா!” மாமி கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“குண்டு இல்ல மாமி. அணுவுக்கு நடுவுல ஈக்கிற கருவைத்தான் அப்படிச் செல்றாங்க. அங்கயும் நோயாளிகள் இதைக் கேட்டுத்தான் பயப்படுறாங்க. பேரை மாத்தணும் எண்டு எங்கட டாக்டர்மார் ஒரே சண்டை.”

“சரி, சொகமா ஈக்கிற நீங்க ஏன் அதுக்குள்ள போய்ப் படுத்தீங்க?” என்று ஜுனைதீன் கேட்டார். அதுதான் அவரை உறுத்திய கேள்வி.

ஸரூக்கின் சிரிப்பு அடங்கியது. “மூளைக்குள்ள சின்னச் சின்ன நோவெல்லாம் இதுல தெரியத் தொடங்கியிருக்கு மாமா. முன்னால ஒண்டுலயும் தெரியாத நோவு. ஆனா நோவு எது எண்டு செல்லணும் எண்டா, முதல்ல சொகம் எப்படி ஈக்கும் எண்டு தெரியணுமே? அதுக்கு நல்ல தலை வேணும். ஆள் கேட்டாங்க. நான் போய்ப் படுத்தேன். அதுக்குள்ள போக முந்தி சட்டைப்பையில ஒரு இரும்புத் துண்டு ஈக்கப்படாது. உங்கட கடையை அந்த அறைக்குள்ள வெச்சா, ஆணியெல்லாம் பறந்து வந்து என்ட தலையிலதான் ஏறும்.”

ஆணி பறக்கிற காந்தம் என்றதும் ஜுனைதீனுக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனால் கடைவீதி நம்புமா?

“நோய் இல்லாதவனுக்கு எக்ஸ்ரே வீண்” என்றபடி ஸரூக் எழுந்தான். “இருந்தாலும் கலியாணத்துக்கு ஒண்டு எடுத்தாக் குத்தமில்ல. வாங்க மாமா போவோம்.”

இரண்டு பேரும் நடந்து போவதைக் கடைவீதியே பார்த்தது. போனவர்கள் மூன்று பேராகத் திரும்பினார்கள். ஈரம் காயாத எக்ஸ்ரே தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இராசையாவும் கூட வந்தான்.

“மன்னிச்சுக்கங்கம்மா. என் வாயாலதான் இவ்வளவும் வந்துச்சு. இந்தாங்க, மண்டையோடு! தேங்கா செரட்டை மாதிரி கெட்டியா இருக்குங்க.”

ரஹ்மத்தும்மா தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெள்ளை வெளேரென்று மண்டையோடு வட்டமாக இருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்!” என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி உள்ளே தேடினார். காந்தப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜுனைதீனைக் கூப்பிட்டார்.

“தம்பி, மண்டையோடு ஈக்கு. இப்ப மூளையக் காணோமே!”

ஜுனைதீன் எட்டிப் பார்த்தார். உண்மைதான். மடிப்பு மடிப்பாகத் தெரிந்த மூளை இருந்த இடத்தில் மங்கலாகப் புகைபோல ஒன்றுதான் இருந்தது. போன முறை ஓடு இல்லை, இந்த முறை உள்ளே சரக்கு இல்லை. அவர் இராசையாவைப் பார்த்தார். இராசையா தகட்டைப் பார்த்தான். ஸரூக் மறுபடியும் தண்ணீர், காந்தம் என்று ஆரம்பித்தான். பாவம், அந்த அமளியில் அவன் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. இனி வாயை மூடிக்கொண்டு நின்றால் நாளைக்கு வெலிமடைதான் என்று நளீராவுக்கு விளங்கிவிட்டது.

“இராசையா அண்ணே!” திரைக்குப் பின்னாலிருந்து வகுப்பறைக் குரல் வந்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

“சொல்லுங்க டீச்சர்.”

“இவ்வளவு காலமும் பதுளையில எத்தனையோ பேர்ட தலைய எக்ஸ்ரே எடுத்தீக்கீங்க. ஒரு ஆளுக்காவது மூளை தெரிஞ்சிச்சா?”

இராசையா யோசித்தான். நேர்மையாக யோசித்தான். “இல்லீங்க டீச்சர். ஒருத்தருக்கும் தெரியலீங்க.”

“அப்ப பதுளையில ஒருத்தருக்கும் மூளை இல்லையா?”

முதலில் சிரித்தது ஜுனைதீன். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சில பேருக்கு இல்லத்தான் மகள்! இறைச்சிக்கடையில நிக்கிறவனுகளுக்கு இல்லவே இல்ல!” இராசையா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் பேசும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஸரூக் சிரிக்க மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் அரை மணி நேரமாக விளக்க முடியாததை ஒரே கேள்வியில் முடித்தவள் யார் என்று அவனுக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஜுனைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கையில் எடுத்தார்.

“மூளையைப் பார்க்குது. நாக்கைப் பார்க்குது. மனசுல ஈக்கிறதையும் பார்க்க ஏலுமா தம்பி, இந்தக் காந்தத்தால?”

“ஏலாது மாமா. அதுக்கு இன்னும் கருவி வரல்ல. கேட்டுத்தான் பார்க்கணும்.”

சாதாரணமாகச் சொன்ன பதில்தான். ஆனால் ஜுனைதீன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி அவர் இராசையாவைக் கேட்டார். ராத்தாவைக் கேட்டார். பண்டாரவளைக் கடைக்காரர்களைக் கேட்டார். மாப்பிள்ளையின் மண்டையோட்டையே கேட்டுவிட்டார். மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினார்.

“மகள், உனக்கு இதுல விருப்பமா?”

நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்குகிற டீச்சர் மெல்லிய குரலில் சொன்னாள்.

“விருப்பம் வாப்பா. படம் வந்த அண்டைக்கே விருப்பம்.”

“அப்ப ஏன் என்னட்டச் செல்லல்ல?”

“நீங்க கேக்கல்லையே.”

ஜுனைதீன் எழுந்து வந்து, திரையை ஒரு பக்கம் ஒதுக்கி, மகளின் தலையில் கைவைத்தார். ஊரான் பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு வாரமாக அலைந்தவர், இந்தத் தலைக்குள் என்ன இருக்கிறதென்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.